சி கிரேடும் சீமைப் பரிகாரமும்

ஏங் கண்ணு, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கற? டாக்டருக்குப் படிக்கோணும், ஆனாக் காலேஜுல ஜிபிஏ 2.8. அதான சங்கதி? சரி, அதுக்கு இப்ப என்ன பண்ணீட்டிருக்கற? முப்பது மெடிக்கல் காலேஜ் பேரை லேப்டாப்புல எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்புன்னு வர்ணம் பூசீட்டிருக்கற. நீ பச்சை பூசுன காலேஜுக்காரன் உனக்கு எடம் எடுத்து வெச்சிருப்பானா?

நான் மக வீட்டுக்கு ஹூஸ்டனுக்கு வந்த கெழவன். இங்க எனக்குத் தோட்டமா, மாடா? வீட்டுக்கு வர்ற பசங்க பேசறதக் காதுல வாங்கறதுதான் வேல. பெருசுக்கு இங்கிலீசு புரியாதுன்னு நெனச்சுத் தாராளமாப் பேசுவாங்க. புரியும்னு நானும் சொல்லிக்கறதில்ல.

பசங்க மொதல்ல தேடறது ரப்பர். பழைய மார்க்க எப்பிடி அழிக்கறது? அமெரிக்கா பூராவும் போற ஆம்காஸ் விண்ணப்பத்துல அழிக்க முடியாது சாமி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி வாங்கி, மறுபடி படிச்சு ஏ வாங்குனா, ரெண்டும் கணக்குல வரும். ஆஸ்டியோபதின்னு இன்னொரு வகை டாக்டர் காலேஜுகதான் ஒரு காலத்துல புது மார்க்க மட்டும் எடுத்துட்டு இருந்தாங்க. 2017ல அந்தக் கதவையும் சாத்தீட்டாங்க. டெக்சாஸ்ல 'அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்'னு ஒரு சட்டம் இருக்குது. பழைய மார்க்கக் கண்டுக்காம விட்டுருவாங்க. உடனே துள்ளாத. பத்து வருசத்துக்கு முந்துன பாடத்துக்குத்தான் அது. அதுலயும் கெட்ட மார்க்கோட நல்ல மார்க்கும் ஒட்டுக்காப் போயிரும். உனக்கு வயசு இருபது. பத்து வருசத்துக்கு முன்னால நீ வாங்குனது அஞ்சாங்கிளாசு மார்க்கு.

பாடம் கடுசுன்னா பாதியிலயே விட்டுட்டு ஓடறது இன்னொரு வித்தை. ஜிபிஏல அது சேராது, வாஸ்தவந்தான். ஆனா 'டபிள்யூ'ங்கற எழுத்து மார்க்கு லிஸ்டுலயே கெடக்கும். இங்க அரசாங்கக் காலேஜுல ஒருத்தன் மொத்தமே ஆறு பாடந்தான் அப்பிடி விடலாம்னு சட்டம் போட்டிருக்கறாங்க. சட்டம் போடற அளவுக்கு ஓடியிருக்கறாங்கன்னாப் பாத்துக்க.

கணக்குக்கு வா. மூணு வருசத்துல 90 கிரெடிட் முடிச்சு 2.8 வெச்சிருக்கற. கடைசி வருசம் 30 கிரெடிட்டும் அப்பழுக்கில்லாம 4.0 வாங்கறன்னே வெச்சுக்குவோம். மொத்தம் எவ்வளவு வரும்? 3.1. டிகிரி முடிச்சுட்டு இன்னொரு வருசம் அதே மாதிரி 30 கிரெடிட் படிச்சாலும் 3.28 தான். உப்புக் கூடிப்போன குழம்புல தண்ணி ஊத்தற கதை. சட்டி பெருசாக ஆக, ஊத்தற தண்ணி தெரியறதில்ல.

அப்ப ஒழிஞ்சுதான்னு கேக்காத. மொதல் வருசம் எவ்வளவு, ரெண்டாம் வருசம் எவ்வளவு, டிகிரிக்குப் பொறகு எவ்வளவுன்னு அந்த விண்ணப்பத்துல தனித்தனியாத்தான் காட்டறாங்க. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நாலுக்கும் சேத்துத் தனியா ஒரு ஜிபிஏ வேற. சேர்றவங்களோட சராசரி 3.75க்கு மேல, அத நீ எட்ட மாட்ட. ஆனாப் படுத்துக் கெடந்த பையன் எந்திரிச்சு ரெண்டு வருசம் ஏயா வாங்கியிருக்கறான்னா, பாக்கறவன் கண்ணுல அது படும். படாத எடமும் உண்டு. ஒரு கோட்டைப் போட்டு, அதுக்குக் கீழ இருக்கறதத் தொறக்காமயே தள்ளற காலேஜுக இருக்குது. அதுக எதெதுன்னு கண்டுபிடிச்சு வர்ணம் பூசியிருந்தா உன்னை மெச்சியிருப்பேன்.

இத்தனை பேசறீங்களே, அந்த சி ஏன் வந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ராத்திரி வேலைக்குப் போயிச் சம்பாரிச்சுப் படிச்ச புள்ளையா நீ? அப்ப பேச்சே வேற. வேலையக் கொறச்சாலே மார்க்கு ஏறும். ஒரே செமஸ்டர்ல மூணு சயின்ஸ் பாடம், டான்ஸ் டீமு, ரெண்டு கிளப்புல தலைவர் பதவின்னு திரிஞ்சயா? தலைவரு எப்பத்தான் படிப்பாரு? வாத்தியாரு வாரத்துக்கு ரெண்டு நாளு கதவத் தொறந்து வெச்சுட்டு, சந்தேகம் கேக்க வாங்கடான்னு ஈ ஓட்டீட்டு உக்காந்திருக்கறாரு. காசு கெடையாது. அங்க எட்டிப் பாக்காதவன், மணிக்கு நூறு டாலர் குடுத்து டியூசன் வெக்கறான். காசு குடுத்தாத்தான் மூளைக்குள்ள எறங்குமாமா?

அப்பறம் இந்தப் பரிகாரக் கடைக. 'போஸ்ட்-பேக்'னு ஒண்ணு, டிகிரிக்குப் பொறகு மறுபடி சயின்ஸ் பாடம் எடுக்கறது. பக்கத்து யுனிவர்சிடில ரெண்டு ரெண்டு பாடமா எடுத்தாலும் அது போஸ்ட்-பேக்தான், பேருக்குப் பின்னால வெள்ளி ஜரிகை வேண்டியதில்ல. 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்'னு இன்னொண்ணு. மெடிக்கல் மொத வருசப் பாடத்தையே படிக்க வெப்பாங்க. பல்லாயிரம் டாலர் ஆகும். அதுல வாங்கற மார்க்கு உன்ற பழைய ஜிபிஏல சேராது, தனியா நிக்கும். அங்க நல்லா வந்தா நல்ல சாட்சி. அங்கயும் சி வாங்குனா, இவனால மெடிக்கல் பாடம் முடியாதுன்னு நீயே காசு கட்டி எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். படிக்கற பழக்கம் வந்தப்பறம் போற எடம் அது. பழக்கத்த வாங்கறதுக்குப் போற எடமில்ல.

சி கிரேடுக்கு மருந்தா வெளிநாட்டுக்குச் சேவைக்குப் போற கூத்தும் பாத்துட்டேன். பத்து நாள் போயிக் கொழந்தைகளோட படம் எடுத்துட்டு வந்தா, கெமிஸ்ட்ரி வந்துருமா? விண்ணப்பத்துல உன்ற கதைய எழுதறதுக்கு 5,300 எழுத்துக்கு எடம். அதுல பாதிய அந்த சிக்குச் சமாதானம் சொல்லியே தீத்தறாங்க. பாட்டி செத்தது, வாத்தியாருக்குப் புடிக்காதது, ரூம்மேட் கொறட்டை. ரெண்டு வரி போதுங் கண்ணு. இன்ன காரணம், இன்னது மாத்துனேன், அதுக்கப்பறம் மார்க்கு இது. மிச்சத்துக்கு நோயாளிகிட்ட என்ன பாத்தன்னு எழுது. அப்பிடி ஒண்ணும் பாக்கலையா? அதுக்கும் ஒரு ஆறு மாசம் ஆஸ்பத்திரிப் பக்கம் போ.

எம்கேட்டுன்னு மெடிக்கல் நுழைவுப் பரிச்சை இருக்குதே, அதுக்கு 472லருந்து 528 வரைக்கும் மார்க்கு. சேர்றவங்க 511 பக்கம் வாங்கறாங்க. ஏழரை மணி நேரம் உக்கார வெக்கறாங்க. நம்ம சனீசுவரன்கூட ஏழரைய வருசக் கணக்காப் பிரிச்சுத்தான் குடுக்கறாரு. வருசத்துக்கு மூணு தடவ, ரெண்டு வருசத்துக்கு நாலு, ஆயுசுக்கே ஏழுதான். சும்மா எழுதிப் பாக்கறேன்னு போகாத. வாங்குன மார்க்கு அத்தனையும் காலேஜுக்குத் தெரியும். சும்மா எழுதறதுக்கு மாதிரித்தாள் விக்கறாங்க, வீட்டுலயே எழுது.

விண்ணப்பம் மே மாசம் தொறக்கும். இந்த மே மாசமே போடோணும்னு ஆரு சொன்னா? ஒறம்பரைப் பையன் போட்டுட்டானாமா? அவனுக்கு 3.9. நீ அடுத்த மே போடு. இல்லாட்டி அதுக்கடுத்த மே. உங்கொம்மாதான் மூஞ்சியத் தூக்குவா. பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போனா, பையன் என்ன பண்றான்னு நாலு பேரு கேப்பாங்கன்னு அவளுக்குப் பயம். அந்த நாலு பேரையும் எங்கிட்ட உடு. அவிய பசங்க ஜிபிஏ என்னன்னு நான் திருப்பிக் கேட்டாப் போதும், பொங்கல் வாங்கற வரிசைக்குப் போயிருவாங்க.