தலையைப் பாத்துத் தொப்பி பண்ணு மாப்ளே

வா மாப்ளே, வா. மேசை மேல பச்சையா என்னமோ ஒட்டிக் கெடக்கேன்னு உங்க அத்தை தொடப்பத்தோட வந்துட்டா. நான்தான் தடுத்தேன். "அடியே, அது 1806-ல வேலூர்க் கோட்டையில வெள்ளக்காரனை எதுத்து நின்ன சிப்பாயி, கூட்டித் தள்ளிப்புடாத"ன்னேன். அவ ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டு, "எதுத்து நின்னாரா? இவருக்கு நிக்கவே வரலியே"ன்னுட்டுப் போயிட்டா. கோச்சுக்காத. அவளுக்குக் கலை தெரியாது, கண்ணு மட்டும் தெரியும்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? அஞ்சாப்பு தாண்டாதவன். அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை பண்ணிப் பொழப்பை ஓட்டுன வேளான். நீ பட்டணத்துல படிச்சவன். ஆனாலும் மண்ணைத் தொட்ட கைங்கிற உரிமையில நாலு வார்த்தை சொல்றேன். பிடிச்சா எடுத்துக்க, பிடிக்கலைன்னா கெழவன் ஒளறுனான்னு விட்டுரு.

நீ பண்ணுன இந்தப் பொம்மை ஆளு மொத்தம் 54 மில்லிமீட்டர், சரியா? நெசமான ஆளை 32-ல வகுத்தது. 1893-ல லண்டன்ல வில்லியம் பிரிட்டன் கம்பெனிக்காரங்க உள்ள வெத்தா இருக்குற ஈயச் சிப்பாயி வார்த்தாங்க பாரு, அப்ப பொம்மை ரயிலுக்குப் பொருந்தணும்னு வெச்ச அளவு இது. வாங்குனவன் ரயிலை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டான், அளவு மட்டும் நின்னுருச்சு. என்ன முழிக்கிறே? நீ தூங்கும்போது உன் பொஸ்தகத்தைத்தான் பொரட்டுனேன். நீயும் ஒரு தடவை பொரட்டியிருக்கலாம்.

பொரட்டியிருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டே. ஒடம்புல எலும்பு இல்ல, அதுக்குள்ள மார்ல வரிசையாப் பொத்தான்! ஊசி முனையால ஒவ்வொண்ணாக் குத்தியிருக்கே. வேலை சுத்தம்தான், நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பொத்தானை மாட்டிக்கிட்டு நிக்கிறது ஆரு?

முதல்ல செப்புக் கம்பி. பழைய ஒயர்ல உரிச்சா வருது. அதை ஆளு மாதிரி வளைச்சு, ஒரு தக்கையில குத்தி நிறுத்து. நிக்கிறதுன்னா ரெண்டு காலும் நேரா இருக்கணும்னு ஒனக்கு ஆரு சொன்னா? பாரம் எந்தக் கால்ல எறங்குதோ அந்தப் பக்கம் இடுப்பு ஒசரும், அதே பக்கம் தோளு தாழும். சந்தேகமா இருந்தா டீக்கடையில நிக்கிறவங்களைப் பாரு. பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க.

அடுத்தது தலை. ஆளோட ஒசரம் ஏழரைத் தலைன்னு கணக்கு. 54-ஐ ஏழரையால வகுத்தா 7 மில்லிக்குக் கொஞ்சம் மேல. நீ வெச்சிருக்கிறது 10 இருக்கும். அம்மாம்பெரிய தலைக்குத் தொப்பி தைக்கக் கிழக்கிந்தியக் கும்பெனி கஜானா தாங்காது மாப்ளே.

இப்ப அந்தப் பச்சை எப்பாக்ஸி புட்டிக்கு வருவோம். நீலப் பட்டையும் மஞ்சப் பட்டையும் சரிக்குச் சரி எடுத்து, கோடு தெரியாம ஒரே பச்சையாகுற வரைக்கும் பிசையணும். மஞ்சள் கூடினா கொழகொழன்னு ஒட்டும், நீலம் கூடினா வெறைப்பா இறுகும். பிசைஞ்சதுலேருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஒன் பேச்சைக் கேக்கும், அப்புறம் அது பேச்சைத்தான் நீ கேக்கணும். கருவியைத் தண்ணியில தொட்டுத் தொட்டு வேலை செய்யி, ஒட்டாது. ஒரு பாகம் முடிஞ்சா ராத்திரி முழுக்கக் காய விடு. மூஞ்சியைத் திருத்துறேன்னு முதுகை நசுக்குறவனைப் பாத்திருக்கேன். பேரு சொல்ல மாட்டேன், எதுத்தாப்புலதான் உக்காந்திருக்கான்.

மூஞ்சிக்குப் பாலிமர் களிமண்ணு தோது. சுடுற வரைக்கும் இறுகாது, நீ மூக்கை ஒம்பது தடவை மாத்தலாம். பாக்கெட்டுல போட்ட சூட்டைத் தாண்டாம, 130 டிகிரி பக்கமாச் சுட்டெடு. உங்க அத்தையோட கேக் அடுப்புலதான் சுடப்போறேன்னா, அதுக்கு முன்னாடி ஊருக்குப் போற பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வெச்சுக்க. வாரு, பெல்ட்டு, ஓரம் கூரா நிக்க வேண்டிய சாமானுக்கெல்லாம் புட்டிதான். ஆங், கையுறை போடு. நாங்க மண்ணைத் தின்னு வளந்தவங்க, ஒண்ணும் ஆகல. இது மண்ணு இல்ல, ரசாயனம். காயாத புட்டி தோல்ல பட்டுப்பட்டு அரிப்பு வந்தா அப்புறம் லேசுல விடாது. காஞ்சதைத் தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்க.

அம்மணமா ஒரு ஆளைப் பண்ணி முடி. வெக்கப்படாத, எல்லா ஜெனரலும் துணிக்குள்ள அப்படித்தான். காஞ்ச பெறகு புட்டியை மெலிசாத் தேய்ச்சு உடுத்திவிடு. கம்பளிக் கோட்டு 2 மில்லி தடிமன்னு வையி, 32-ல வகுத்தாக் காகிதத்தை விட மெலிசு. முழுக்க அப்படி வராது. ஓரத்தை மட்டும் மெலிசாக்கு, பாக்குறவன் மிச்சத்தை நம்பிருவான். மடிப்பை இஷ்டத்துக்குக் கீறாத. துணி எங்க இழுபடுதோ அங்கதான் மடிப்பு பொறக்கும்: கக்கம், முழங்கை, தொடையிடுக்கு. ஒரு சட்டையைப் போட்டு, தோள்ல ஒலக்கையை வெச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நில்லு. ஜன்னலை மட்டும் சாத்திக்க.

துப்பாக்கியை ஏன் குட்டையா வெச்சிருக்கே? கும்பெனி துப்பாக்கிக்குக் குழலே 39 அங்குலம், மொத்தம் 55. ஒன் அளவுக்கு 44 மில்லி வரணும். 17 அங்குல ஈட்டியையும் முனையில மாட்டினா ஆளைத் தாண்டி நிக்கும். புட்டியில பண்ணினா வளைஞ்சிரும், பித்தளைக் குழாய் வாங்கு.

இப்ப சங்கதிக்கு வரேன். தலைப்பாகையை ஒரு உருண்டையா அப்பிட்டு, "இத்தினியூண்டு பொம்மையில இதை ஆரு பாக்கப் போறா?"ன்னே பாரு, அங்கதான் எனக்குச் சுருக்குன்னு ஆச்சு.

ஏன்னா வேலூர்ல சண்டையே அந்தத் தலைப்பாகையாலதான் மூண்டுச்சு. மெட்ராஸ் பட்டாளத்துக்குத் தளபதி சர் ஜான் கிராடக். 1805 கடைசியிலயும் 1806 தொடக்கத்துலயும் புது விதி போட்டாரு. நெத்தியில குறி கூடாது, உடுப்புல இருக்கும்போது காதுல கடுக்கன் கூடாது, தாடை மழிக்கணும், மீசை எல்லாருக்கும் ஒரே தினுசு. அதுக்கு மேல தொப்பி ஜாடையில ஒரு புதுத் தலைப்பாகை, அதுல தோல் பட்டம். என்ன மிருகத்துத் தோலோன்னு இந்துவுக்கும் சந்தேகம், முஸ்லிமுக்கும் சந்தேகம். மார்ல தொங்குன துப்பாக்கித் திருப்புளி வேற சிலுவையாட்டம் தெரிஞ்சிச்சு. மே மாசம் சிப்பாயிங்க அந்தத் தலைப்பாகையை மாட்ட மாட்டோம்னாங்க; சவுக்கடி குடுத்தாங்க. ஜூலை 10 விடியறதுக்குள்ள கோட்டைக்குள்ள வெடிச்சிருச்சு. 69-வது ரெஜிமெண்ட் வெள்ளக்காரங்க நூறு பேருக்கு மேல செத்தாங்க. ஆர்க்காட்டுலேருந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளக்கார அதிகாரி குதிரைப் படையோட வந்து, அன்னிக்கே அடக்கிட்டாரு. சிப்பாயிங்க முந்நூறு பேருக்கு மேல செத்ததாச் சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் கும்பெனிக்குப் புத்தி வந்து உத்தரவை வாபஸ் வாங்குனாங்க. 1807-ல கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பிக் கூப்புட்டுக்கிட்டாங்க.

கிராடக் பண்ணுன தப்பு என்னங்கிறே? உள்ள இருக்குற தலையைப் பாக்காம மேல தொப்பியைப் பண்ணினாரு. நீயும் அதைத்தான் பண்ணியிருக்கே. அவராச்சும் தளபதி, சம்பளம் வாங்கிட்டுப் பண்ணினாரு.

அதனால ஒன் சாமர்த்தியத்தைப் பொத்தான்ல காட்டாம மூணு எடத்துல காட்டு. ஒண்ணு, அந்தத் தலைப்பாகை: தோல் பட்டம் தனியாத் தெரியணும். ரெண்டு, நெத்தி: வெறுமையா இருக்கணும். மூணு, காது. அதான் ரொம்ப முக்கியம். சின்ன வயசுலேருந்து கடுக்கன் போட்ட காது, கழட்டச் சொன்னதும் ஓட்டை தூந்துராது. மடல்ல ஊசியால ஒரே ஒரு குத்து குத்தி, காலியா விட்டுரு. அவன் எதுக்குக் கோவப்பட்டான்னு வேற விளக்கமே எழுத வேணாம். முடிச்சதும் சாம்பல் நெறத்துல ஒரு பூச்சு பூசு. பச்சையில ஒளிஞ்ச தப்பெல்லாம் அப்பத்தான் வெளிய வரும். காலர், கைப்பட்டி நெறம் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும். அன்னிக்கு எழுந்தது 1-வதும் 23-வதும். எதுன்னு முடிவு பண்ணாமத் தூரிகையை எடுக்காத.

பட்டாளத்து ஆளு பண்றேன்னு கெளம்புற எல்லாப் புள்ளைகளுக்கும் சேத்தே சொல்றேன்: உடுப்புக்கு முன்னாடி ஒடம்பைப் பண்ணுங்க, அந்த உடுப்பை மாட்டச் சொன்ன உத்தரவையும் ஒரு தடவை படிச்சிருங்க. ரெண்டும் முடியாதுன்னா எங்கிட்ட வாங்க, குதிரைக்கு மண்ணு மிதிக்க ஆளு வேணும்.