பெரியம்மை கொடுத்த பட்டா

கடவுளைச் சார்பதிவாளர் வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஜான் வின்த்ராப். மாசசூசெட்ஸ் விரிகுடாவில் ஆங்கிலேயர் குடியேறிய தொடக்க ஆண்டுகளில் திரும்பத் திரும்ப ஆளுநரான மகான். 1634 மே மாதம் இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இங்குள்ள பூர்வகுடிகள் ஏறக்குறைய எல்லோரும் பெரியம்மையில் செத்துவிட்டார்கள், ஆகவே நம் கையிலிருக்கும் நிலத்தின் வில்லங்கத்தை ஆண்டவரே நீக்கிவிட்டார் என்பது அதிலிருந்த சுபசெய்தி. முத்திரைத்தாள் செலவுகூட இல்லை. நம் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். எல்லைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவர எவனுக்கும் தோன்றாது. அதற்கெல்லாம் கேம்பிரிட்ஜில் படித்திருக்க வேண்டும்.

குடும்பத்துக்கு இந்தத் தொழில் புதிதும் அல்ல. தாத்தா ஆடம் வின்த்ராப் லண்டனில் துணி வியாபாரி. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றுத் தீர்த்த காலத்தில், 1544இல், சஃபோக் பகுதியின் குரோட்டன் பண்ணையை வாங்கி ஜமீன்தாரானார். அதுவரை அது பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துச் சொத்து. துறவிகளை விரட்டிய மண்ணில் பேரன் பைபிள் படித்து வளர்ந்தார். பிறகு, தகப்பனை இழந்த வாரிசுகளின் சொத்தை அரசர் பெயரால் மேய்க்கும் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். 1629இல் அந்தப் பதவி போயிற்று. பண்ணை வருமானம் போதவில்லை, பிள்ளைகளோ வரிசையாக நின்றார்கள். இங்கிலாந்தின் பாவங்கள் அவர் கண்ணைக் கூடுதலாக உறுத்தத் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

கப்பல் ஏறுமுன் மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் வேண்டாமா? அதையும் எழுதி வைத்தார். பூர்வகுடிகள் நிலத்துக்கு வேலி போடவில்லை, ஆடுமாடு கட்டி மண்ணைத் திருத்தவில்லை. எனவே அவர்களுக்குத் தேவையான அளவை விட்டுவிட்டு மீதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். தேவை எவ்வளவு என்பதை யார் அளப்பது என்று மட்டும் எழுதவில்லை. இத்தனைக்கும் அங்கே பெண்கள் சோளமும் பீன்ஸும் பூசணியும் சேர்த்து நட்டுக் குடும்பங்களைக் காத்துவந்தார்கள். முதல் குளிர்காலத்தில் வந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது மிஞ்சியவர்கள் விலைக்கு வாங்கித் தின்ற சோளமும் அந்த வேலியில்லாத நிலத்தில் விளைந்ததுதான். 1629இல் செய்த குடியேற்ற முத்திரையைப் பாருங்கள்: ஒரு பூர்வகுடி நிற்கிறார், இங்கே வந்து எங்களுக்கு உதவுங்கள் என்று அவர் வாயிலிருந்து எழுத்து வருகிறது. அழைப்பிதழை விருந்தாளியே அச்சடித்துக் கொண்டுபோன ஒரே கல்யாணம் இது.

1630இல் 11 கப்பல்கள், சுமார் 700 பேர். தலைமைக் கப்பல் ஆர்பெல்லா. நாம் மலைமேல் இருக்கும் நகரம்போல இருப்போம், உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற வின்த்ராப்பின் புகழ்பெற்ற பிரசங்கம் இந்தப் பயணத்துக்காகவே பிறந்தது.

வந்து சேர்ந்த சூட்டோடு மகன் ஹென்றி மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நீரில் மூழ்கி இறந்தான். நாட்குறிப்பில் தகப்பன் எழுதியது ஒரே வரி. மறு வருஷம் மனைவி மார்கரெட் குழந்தைகளுடன் கப்பலேறினார். வின்த்ராப் முகம் பார்த்திராத கைக்குழந்தை ஆன் கடலிலேயே போய்ச் சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டாம் மனைவி தாமசின் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பிரசவத்தையொட்டி இறந்தபோது, அந்தக் கடைசி நாட்களைப் பக்கம் பக்கமாக எழுதி அழுதவர் இவர். மனுஷனுக்குத் துக்கம் தெரியும். என் ஆத்திரமே அங்கேதான்.

ஏனென்றால், மேரி டயர் என்ற பெண்ணுக்கு 1637இல் பிள்ளை இறந்தே பிறந்தது. அவர் ஆன் ஹட்சின்சனின் தோழி. ஹட்சின்சனோ வீட்டில் கூட்டம் கூட்டி, போதகர்களையே கேள்வி கேட்டவர். ஆளுநர் என்ன செய்தார்? புதைத்த சிசுவைத் தோண்டி எடுக்க வைத்தார். கொம்பும் செதிலும் கொண்ட கோரப் பிறவி என்று வர்ணித்து ஊருக்கும் இங்கிலாந்துக்கும் செய்தி அனுப்பினார். மதத்துரோகத்துக்கு ஆண்டவர் போட்ட தண்டனையாம். நாடு கடத்தப்பட்ட ஹட்சின்சன் 1643இல் பிள்ளைகளோடு கொல்லப்பட்டபோதும் பாஸ்டன் பக்திமான்கள் அதில் கடவுளின் கையெழுத்தைக் கண்டுகொண்டார்கள். தன் வீட்டில் பிணம் விழுந்தால் சோதனை, எதிராளி வீட்டில் விழுந்தால் தீர்ப்பு.

கடவுள் எலி வழியாகவும் பேசினார். 1640இல் மகன் ஜானின் புத்தக அறையில், ஒரே அட்டைக்குள் கிரேக்கப் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இவர்கள் வெறுத்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகமும் இருந்தன. எலிகள் பொது ஜெபத்தை மட்டும் ஒவ்வொரு தாளாகத் தின்று, மற்ற இரண்டையும் தொடவில்லையாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் இருந்த அறை! வின்த்ராப் இதைக் கவனிக்கத்தக்க சம்பவம் என்று நாட்குறிப்பில் பதிந்தார். அந்த அறையில் தானியம் போட்டு வைத்திருந்ததையும் அவரே எழுதியிருக்கிறார், பாவம்.

1637 மே 26. மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் பூர்வகுடிகளின் கோட்டைக் கிராமத்தை கனெக்டிகட் தளபதி ஜான் மேசனும் மாசசூசெட்ஸின் ஜான் அண்டர்ஹில்லும் கொளுத்தினார்கள். வெளியே ஓடி வந்தவர்களைக் கத்திக்கும் துப்பாக்கிக்கும் கொடுத்தார்கள். 400க்குக் குறையாத உயிர்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் அதில் அடக்கம். அதன்பின் நடந்த வேட்டையில் பிடிபட்டவர்களைப் பங்கு பிரித்தார்கள். தலைவர் மோனோனோட்டோவின் மனைவியும் பிள்ளைகளும் பாஸ்டனுக்கு வந்தார்கள். அந்தத் தாய் கேட்டது இரண்டு: என் உடம்பைக் கெடுக்காதீர்கள், என் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். எழுதி வைத்தவர் வின்த்ராப்பேதான். அதே கை, 15 பையன்களையும் 2 பெண்களையும் பெர்முடாவுக்குக் கப்பலில் அனுப்பியதையும் எழுதியது. கப்பல் பெர்முடாவைத் தவறவிட்டு, பிராவிடன்ஸ் தீவில் அவர்களை இறக்கிற்று. 1638இல் ‘டிசையர்’ என்ற கப்பல் கரீபியனிலிருந்து பருத்தியும் புகையிலையும் உப்பும் ஆப்பிரிக்க அடிமைகளும் ஏற்றி வந்தது. பட்டியலில் மனிதர்கள் பருத்திக்குப் பக்கத்தில்.

1639இல் எழுதிய உயிலில் தன் தீவை மகன் ஆடமுக்கு வைக்கிறார் அப்பா. கூடவே, அங்குள்ள என் இந்தியர்களும் உனக்கு, படகும் உனக்கு. தட்டுமுட்டுச் சாமான் கணக்கில் ஆள்கள். 1641இல் வந்த சட்டத் தொகுப்புக்கு ‘உரிமைகள்’ என்று பேர். நியாயமான போரில் பிடிபட்டவர்களும் விற்கப்பட்டு வரும் அந்நியர்களும் தவிர யாரும் அடிமையாக இருக்கக் கூடாது என்று அது கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வேறு யார் மிச்சம்? 1645இல் தங்கை லூசியின் கணவர் இமானுவேல் டவ்னிங், இன்னொரு நியாயமான போர் கிடைத்தால் நாரகான்செட் பூர்வகுடிக் கைதிகளைக் கொடுத்து ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கலாம், போதுமான அடிமைகள் இல்லாமல் நாம் எப்படிச் செழிப்பது என்று மச்சானுக்குக் கடிதம் போட்டார்.

குடும்பம் செழித்தது. மகன் சாமுவேல் ஆன்டிகுவாவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தினார். தங்கை மகன் ஜார்ஜ் டவ்னிங் 1642இல் ஹார்வர்டின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். அரசரை வீழ்த்திய குரோம்வெல்லிடம் உண்டு கொழுத்து, அரசர் திரும்பியதும் அரசர் பக்கம் தாவி, தன்னைப் படைப்பிரிவின் போதகராக வைத்திருந்த ஜான் ஓக்கியையே ஹாலந்தில் பிடித்துக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். கிடைத்தது பாரோனெட் பட்டம். பிறகு லண்டனில் காண்ட்ராக்ட் வீடுகள் கட்டினார்: அஸ்திவாரம் மட்டம், செங்கல்லுக்கிடையே சாந்துக் கோடு இருப்பதுபோல் வண்ணம் தீட்டிய முகப்பு. அந்தத் தெருவுக்கு அவர் பெயர்தான். 10ஆம் எண் வீட்டிலிருந்து நம்மை ஆண்டார்கள்.

மலைமேல் நகரத்தை 1961இல் கென்னடி மேற்கோள் காட்டினார். ரீகன் அதற்குப் பளபளப்பும் ஏற்றி மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு போனார். மாஷன்டக்கெட் பீக்வாட் மக்களின் நில வழக்கைத் தீர்க்கும் மசோதா 1983இல் அதே ரீகனின் மேசைக்கு வந்தது. 1638 ஹார்ட்ஃபோர்டு ஒப்பந்தம் பிழைத்தவர்கள் பீக்வாட் என்ற பெயரால் இனி அழைக்கப்படவே கூடாது என்று தடை போட்டிருந்தது. அந்தப் பெயரில் மிஞ்சியவர்கள் கேட்டது 9 லட்சம் டாலரும் அரசு அங்கீகாரமும். ஏப்ரலில் ரீகன் மறுப்பாணை போட்டார்: மத்திய அரசு தரும் தொகை அதிகம், அங்கீகாரத்துக்கான முறைப்படி இவர்களைச் சரிபார்க்கவில்லை. திருத்திய மசோதாவில் அக்டோபரில் கையெழுத்திட்டார். பீக்வாட்டுகள் இருக்கிறார்கள் என்று வாஷிங்டன் ஒப்புக்கொண்டது. சம்பந்தப்பட்டவர்களுக்கு அது முன்பே தெரியும்.