பின்காலின் கீழ் ஒரு பூச்சி

அமெரிக்கச் சிற்றூர்ப் பூங்காக்களில் வசந்தந்தோறும் நடைபெறும் பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆட்டங்களில், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமி ஒருத்தி மட்டையுடன் ஹோம் பிளேட் அருகே, அதாவது தரையில் பதிக்கப்பட்ட ஐங்கோண வெள்ளைப் பலகையின் பக்கத்தில், வந்து நின்றவுடன், கம்பி வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் ஆசிரியர்களாகிவிடுகின்றனர். முழங்கையை உயர்த்து, முழங்காலை மடக்கு, பந்தையே பார், மட்டையை மட்டமாகச் சுழற்று, பூச்சியை நசுக்கு என்னும் ஐந்து கட்டளைகளும் ஐந்து திசைகளிலிருந்து புறப்பட்டு அவளது ஹெல்மெட்டுக்குள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இவ்வாண்டின் பருவம் இப்போதுதான் முடிந்திருப்பதால் இக்கட்டுரையாளரின் காதுகளில் அவை இன்னும் ஓயவில்லை. ஆகவே பின்வரும் ஆராய்ச்சியில் நடுநிலைமையை எவரும் எதிர்பார்க்கலாகாது. வெளியில் நின்று ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை வாசகர்களுக்கு விளக்க வேண்டிய தேவையும் இல்லை. சரியான அடிமுறை யாது என்பது உரிய இடத்தில் கூறப்படும்.

பொழுதுபோக்கு லீக் என்பது, திறன் தேர்வின் பேரில் எவரையும் விலக்காமல் பெயர் கொடுத்த எல்லாச் சிறுமியருக்கும் அணியில் இடம் தரும் அமைப்பாகும். அதில் பயிற்சியாளர் எனப்படுபவர் பெரும்பாலும் அச்சிறுமியருள் ஒருத்தியின் தந்தையோ தாயோ ஆவார். பதிவுப் படிவத்தில் உதவ விருப்பமா என்று கேட்கும் கட்டத்தில் குறியிட்டதே அவரது தகுதி. இக்கட்டுரையாளரும் அவ்வாறு குறியிட்டுத் துணைப் பயிற்சியாளரானவரே. போட்டி எதிலும் ஒரு சாஃப்ட்பாலையேனும் அவர் அடித்ததில்லை என்பது உண்மைதான் எனினும், வேலியோரத்துப் புலமை அனுபவத்தைச் சார்ந்ததன்று, நாற்காலியைச் சார்ந்தது.

இவ்வாட்டம் பிறந்தபோது கட்டளைகள் இருக்கவில்லை. 1887ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளன்று, சிகாகோ நகரின் ஃபாரகட் படகுக் கழகத்தில் யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் கால்பந்து முடிவுக்காகக் காத்திருந்தவர்களுள் ஒருவர், வெற்றிக் களிப்பில் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவர் கையில் அகப்பட்ட கோலால் அதைத் திருப்பி அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அக்கையுறையைப் பந்துபோல் இறுகக் கட்டி, உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டமாக அதனை வகுத்தார். சாஃப்ட்பால் என்ற பெயரே 1926இல்தான் அதற்கு வந்து சேர்ந்தது. எதிர்பாராமல் வந்த கையுறையை அந்த முதல் மனிதர் தடுமாறாமல் அடித்ததற்கு, அறையில் மடக்கு நாற்காலிகள் இல்லாததே காரணமாக இருத்தல் கூடும்.

கட்டளைகளின் முதற்குறை கால அளவைப் பற்றியது. பத்து வயதுப் பிரிவில் வீச்சாளர் 35 அடித் தொலைவில் நின்று, கையைத் தோளைச் சுற்றிச் சுழற்றி, 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தைத் தாழ்வாக எறிகிறார். அது மணிக்கு 40 மைல் வேகத்தில் வருமாயின், அத்தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.6 நொடியே. முழங்கையை உயர்த்து என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறைக்குப் போய்விடும். ஆகவே கட்டளைகள் யாவும் பந்துக்கு முன்னரே பிறப்பிக்கப்படுகின்றன, சிறுமியும் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றி, கோயில் தூணில் செதுக்கிய சிற்பம் போல உறைந்து நிற்கிறாள், பந்து வந்து செல்கிறது, சிற்பம் அசைவதில்லை.

பந்தையே பார் என்னும் கட்டளை, மிகப் பழமையானதாகக் கருதப்படுவதால், சற்று மரியாதையுடன் அணுகத்தக்கது. ஆனால் பாஹில், லாரிட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர், பேஸ்பால் மட்டையாளர்களின் கண்ணசைவுகளை அளந்து 1984இல் வெளியிட்ட கட்டுரையில், விரைந்து வரும் பந்தை மட்டையில் படும் வரை கண்ணால் பின்தொடர எவராலும் இயலாது என்றும், தேர்ந்த ஆட்டக்காரரே ஏறத்தாழ ஐந்தரை அடித் தொலைவில் அதைத் தவறவிட்டுவிடுகிறார் என்றும் காட்டினர். தொழில்முறை வீரரால் இயலாத ஒன்றை, முகத்தின் முன் கம்பிக்கூண்டு பொருத்திய ஹெல்மெட் நெற்றியிலிருந்து மூக்குக்குச் சரியும் ஒன்பது வயதுச் சிறுமியிடம் வேலியோரம் கோருகிறது. அவள் பந்தை அடிக்காமல் விட்டுவிட்டாலோ, நல்ல கண் என்று கைதட்டி வாழ்த்துகிறது. அடிக்காததற்குப் பாராட்டும் அடிக்க முயன்றதற்கு ஐந்து திருத்தங்களும் கிடைக்கும் இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை என்பதைச் சிறுமியர் விரைவில் கண்டுகொள்கின்றனர்.

முழங்கையைப் பற்றி ஒரு சொல். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து இந்நாட்டில் குடியேறிய தந்தையர்க்கு உயர்த்தப்பட வேண்டிய முழங்கை முன்கையினுடையது. உள்ளூர்த் தந்தையர்க்கோ அது பின்கையினுடையது. இருசாராரும் ஒரே வேலியின் பின் நின்று கூவும் ஊர்களில், இரண்டு முழங்கைகளையும் உயர்த்திப் பறக்க ஆயத்தமாவது போன்ற நிலையில் நிற்கும் சிறுமியரைக் காணலாம்.

இனி தலையாய கட்டளையாகிய பூச்சிக்கு வருவோம். பின்காலின், அதாவது வலக்கை மட்டையாளருக்கு வலக்காலின், முன்பாதத்துக்கு அடியில் ஒரு பூச்சி கிடப்பதாகக் கற்பித்துக்கொண்டு, மட்டையைச் சுழற்றும் கணத்தில் குதிகாலைத் தூக்கிப் பாதத்தை நின்ற இடத்திலேயே திருகி அதனை நசுக்கினால், இடுப்பு தானாகத் திரும்பும் என்பது கோட்பாடு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் இக்கோட்பாட்டில் அடிப்படைக் கேள்விகள் பல எழுப்பப்படாமலே கிடக்கின்றன. அப்பூச்சி எவ்வினத்தைச் சேர்ந்தது? வண்டாயின் அதன் ஓட்டை உடைக்கப் பலத்த திருகல் வேண்டும், எறும்பாயின் காலை ஊன்றியபோதே அது இறந்திருக்கும், திருகுவது வீண். முதற்பந்தில் நசுக்கப்பட்ட பூச்சியே இரண்டாம் பந்துக்கும் போதுமா, அன்றி ஒவ்வொரு பந்துக்கும் புதிய பூச்சி வந்து கிடக்க வேண்டுமா? மூன்று முறை வீணாகச் சுழற்றினால் மட்டையாளர் வெளியேற வேண்டும் என்பது விதியாகையால் பூச்சிகளின் இழப்பு மூன்றோடு நின்றுவிடும் என வாதிடலாம். ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே சிதறும் ஃபவுல் அடிகள் மூன்றாவது தவறாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதால், பிடிவாதமான மட்டையாளர் ஒருவர் ஒரு பூச்சிக் குலத்தையே அழித்துவிட இயலும். இடக்கையால் ஆடுபவள் வந்தால் பூச்சி பலகையைக் கடந்து மறுபுறம் போய்ப் படுத்துக்கொள்கிறது. இருகையாலும் ஆடுபவளுக்குப் பூச்சி எங்கே காத்திருக்கும் என்பதைப் பயிற்சியாளர் எவரும் விளக்கியதில்லை.

அறவியல் சிக்கலும் உண்டு. இங்குள்ள தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் கம்பளிப்புழுக்களை வலைக்கூண்டில் வைத்து வளர்த்து, அவை வண்ணத்துப்பூச்சிகளானதும் மாணவர்களே திறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. பகலில் அதைச் செய்துவிட்டு வந்த குழந்தையிடம் மாலையில் பூச்சியை நசுக்கு என்றால், அது என்ன தவறு செய்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. கீழ்ப்படிதல் மிக்க குழந்தையோ வேறொரு இடரை உண்டாக்குகிறாள்: பூச்சி நசுங்கியதா என்று குனிந்து பார்க்கிறாள், பந்தையே பார் என்ற கட்டளை அந்நொடியில் மீறப்படுகிறது, வேலியோரம் பொங்குகிறது. ஒரு சிலர் சுழற்றுவதை மறந்து நசுக்குவதை மட்டும் செவ்வனே முடித்து, கடமையாற்றிய முகத்துடன் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்ப்பதும் உண்டு.

பூச்சியைப் பற்றி இவ்வளவு போதும் என்றே தோன்றும். ஆயினும் இயக்கவியல் இன்னும் பேசப்படவில்லை. பாதத்தை ஒரே இடத்தில் ஊன்றித் திருகும்போது உடல் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. வலிமையான அடியில் அது முன்காலுக்குப் பெயர்ந்து, அக்கால் விறைத்து நிற்க, இடுப்பு அதைச் சுற்றித் திரும்புகிறது. தேர்ந்த மட்டையாளர்களின் நிழற்படங்களில் பந்தைத் தொடும் கணத்தில் பின்கால் பெரும்பாலும் நுனிவிரலில் நிற்கிறது, அல்லது தரையை விட்டே எழும்பியிருக்கிறது. ஹென்றி ஆரன் பேஸ்பாலில் 755 ஹோம் ரன்கள் அடித்தவர். முன்காலின் மீது எடையைச் செலுத்தி அடிப்பதில் பெயர் பெற்றவர். அவர் காலடியில் கிடந்த பூச்சிகளுள் பெரும்பான்மை நீண்ட ஆயுளுடன் வாழ்ந்திருக்க வேண்டும். இதைச் சுட்டிக்காட்டினால், வேலியோரம் சற்று யோசித்துவிட்டு, அவர் இன்னும் நசுக்கியிருந்தால் இன்னும் அடித்திருப்பார் என்கிறது. இதற்கு மறுமொழி கூறும் பொறுமை இக்கட்டுரையாளரிடம் மே மாதத்திலேயே தீர்ந்துபோயிற்று.

அறிஞர்களிடம் முறையிட்டும் பயனில்லை. டெட் வில்லியம்ஸ் 1941இல் பேஸ்பாலில் .406 சராசரியுடன் ஆடியவர். சராசரி என்பது கணக்கில் கொள்ளப்படும் வாய்ப்புகளில் எத்தனை வெற்றி அடிகள் என்ற விகிதம். 1970இல் வெளிவந்த தமது நூலில் மட்டையைச் சற்றே மேல்நோக்கிச் சுழற்றுமாறும் இடுப்பை முன்செல்லவிடுமாறும் அவர் கற்பித்தார். பத்தாண்டுகளில் பயிற்சியாளர் சார்லி லா எழுதிய நூல், எடையைப் பின்னிருந்து முன்னுக்குப் பெயர்ப்பதையும் மட்டமான சுழற்சியையும் வலியுறுத்தியது. லாவின் சொந்த ஆட்டச் சராசரி .255 மட்டுமே என்பதும், அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980இல் .390 எட்டினார் என்பதும், அடிக்கத் தெரியாதவரே நன்கு கற்பிப்பார் என்ற முடிவுக்கு இடந்தருவதால், துணைப் பயிற்சியாளர்களிடையே விரும்பிப் பேசப்படுகின்றன. இன்றைய தந்தையர் இரு நூல்களையும் படிக்காமல் இரண்டையும் ஒரே மூச்சில் போதிக்கின்றனர். மேல்நோக்கி, ஆனால் மட்டமாக.

உடலுறுப்பின் அசைவில் கவனத்தை வைப்பதை விட அசைவின் விளைவில் வைப்பது கற்றலுக்கு உதவும் என்று ஆய்வாளர் கேப்ரியேலே வூல்ஃபும் அவரைச் சார்ந்தோரும் 1998 முதல் பல சோதனைகளில் காட்டி வருகின்றனர். எளிமையாகக் கூறின், முழங்கை, முட்டி, இடுப்பு என்று உறுப்புகளை எண்ணுவதை விட, அந்த மரத்தை நோக்கி அடி என்பதே மேல். இதனை வேலியோரத்துக்கு எடுத்துரைத்தபோது, எந்த மரம் என்று விவாதம் தொடங்கிற்று.

இவ்வளவு கலைக்கும் வேண்டிய மூலப்பொருளாகிய நல்ல பந்து இப்பிரிவில் வருவதே அரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீச்சாளரும் பத்து வயதுச் சிறுமியே. பந்து ஒரு முறை தலைக்கு மேலும் ஒரு முறை காலுக்குக் கீழும் போகிறது. தவறான பந்துகள் நான்கு ஆனதும் மட்டையாளர் முதல் தளத்துக்கு இலவசமாக நடந்துசெல்வதே விதி; நடை மிகுந்து ஆட்டம் ஊர்வலமாகிவிடுவதைத் தடுக்க, அந்நிலையில் பயிற்சியாளரே வந்து பந்து போடும் ஏற்பாட்டைப் பல லீக்குகள் செய்திருக்கின்றன. அப்பந்து மெதுவாக, நடுவில், அடிபடுவதற்கென்றே வருகிறது. டக்அவுட் எனப்படும் காத்திருப்புக் கொட்டகையில் தோழியர் பாடும் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே சிறுமியும் அதை அடித்துவிடுகிறாள். முறை நன்றாயிருந்தும் பந்து படாத நிகழ்ச்சிக்கும் சான்றுண்டு: 2004இல் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாசா ஆகிய பேஸ்பால் நட்சத்திரங்களை சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச் அடிக்கவிடாமல் வெளியேற்றினார். அவர்களது முழங்கைகளில் குறை காண முடியாது.

சரியான அடிமுறைக்குச் செல்லுமுன் மட்டையைப் பற்றிக் கூறியாக வேண்டும். கரிமநார் கலந்த கூட்டுப்பொருள் மட்டைகளின் விலை 300 டாலருக்கு மேலும் செல்கிறது. நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்சிலும் குறித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை டிராப் என்பர். 29 அங்குலமும் 18 அவுன்சும் உள்ள மட்டை 11 டிராப் ஆகும். இத்தகைய மட்டை கடையிலிருந்து வந்தவுடன் ஆடத்தக்கதன்று. ஒவ்வோர் அடிக்கும் சிறிது திருப்பித் திருப்பி நூற்றுக்கும் மேற்பட்ட அடிகளால் அதைப் பழக்க வேண்டும் என்றும், குளிரில் பயன்படுத்தினால் அது பிளவுபடக்கூடும் என்றும் எச்சரிக்கப்படுகிறது. அவ்வாறு பழக்கும் பணி தந்தையைச் சார்ந்தது. மாலை வேளைகளில் கொல்லைப்புறத்தில் சிறுமியின் மட்டையுடன் தனியே நின்று, ரப்பர்க் கம்பத்தின் மேல் வைத்த பந்தை வலைக்குள் அடித்துக்கொண்டிருக்கும் நடுவயது ஆடவரை அண்டை வீட்டார் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பது இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது. அங்ஙனம் பழக்கி, துடைத்து, உறையிலிட்டுக் களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மட்டை பருவம் முழுவதும் வேலியில் தொங்கியவாறே இருந்தது. சிறுமி ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் தோழியின் பழைய அலுமினிய மட்டையையே கேட்டு வாங்கி ஆடினாள்; அதன் நீளம் அவளுக்குப் பொருந்தவில்லை, எடையும் பொருந்தவில்லை, பிடியில் சுற்றியிருந்த நாடா பாதி அவிழ்ந்திருந்தது, ஆனால் அது ஊதா நிறம்.