நிலைக்கு ஓர் ஆள்: கேள்வி–பதில்

கே: பெரிய வேலை என்றாலே மலைப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (ஜவுளிக்கடைக்காரர், என்.எஸ்.பி. ரோடு, திருச்சி)

ப: கடை வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், மேலே உச்சிப்பிள்ளையார். 400 படிக்கு மேல். நடுவில் தாயுமானவர் மட்டும் இல்லையென்றால் பாதிக் கூட்டம் கீழேயே சிதறுகாய் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

கே: எங்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை 400 வருஷமாக யாரும் முடிக்கவில்லை. அப்புறம் எட்டே வருஷத்தில் முடிந்தது எப்படி? (கல்லூரி மாணவர், ஸ்ரீரங்கம்)

ப: விஜயநகர ஆட்சிக் காலத்தில் தொடங்கி, சுமார் 55 அடி கல்கட்டடத்தோடு நின்றுபோன ராயகோபுரம் அது. தெற்கு வாசலில் போகிறவர்களெல்லாம் ‘மொட்டைக் கோபுரம்’ என்று சொல்லியே பழகி, அது பாதியில் நிற்கும் வேலை என்பதையே ஊர் மறந்துவிட்டது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர், முக்கூர் சுவாமி, 1979-இல் அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியாயிற்று. நாமெல்லாம் அந்த வயதில் மாத்திரை டப்பாவைத் தவிர வேறெதையும் கையில் எடுக்கமாட்டோம்.

‘கோபுரம் கட்டப் பணம் கொடுங்கள்’ என்று கேட்டால் எதிராளி செக் புத்தகத்தைத் தேடமாட்டார், செருப்பைத் தேடுவார். ‘ஒரு நிலை உங்கள் கைங்கர்யம்’ என்றால் கதையே வேறு. மொத்தம் 13 நிலை. அரசு ஒன்றை ஏற்றது. இளையராஜா ஒன்றை ஏற்றார். அண்ணாந்து பார்த்தால் இது இன்னாருடையது என்று விரல் நீட்டிச் சொல்லலாம்.

இதில் நான் ரசிப்பது, வெட்டிய இடத்தை. செங்கல் ஒருவர், சிமென்ட் ஒருவர், சுதை ஒருவர் என்று பிரித்திருந்தால் எட்டாவது வருஷம்வரை யாருக்கும் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. நிலை நிலையாகப் பிரித்ததால் ஒவ்வொன்று எழும்பும்போதும் ஊருக்கே தெரிந்தது. அடுத்த நிலைக்கு ஆள் தேடுவதும் எளிதாயிற்று. கீழ்நிலை முடியாமல் மேல்நிலை ஏறாது, ஆகவே நடுவில் நழுவவும் வழியில்லை. 1987 மார்ச் 25 கும்பாபிஷேகம். இன்று 230 அடிக்கு மேல் நிற்கிறது.

கே: குரூப்-2 பரீட்சைக்கு மணிவாரியாக, கலர் கலராக அட்டவணை போட்டேன். இன்னும் படிக்க உட்காரவில்லை. (தில்லைநகர்)

ப: கோலப்போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.

கே: நாலாயிரம் பாசுரத்தையும் வைகுண்ட ஏகாதசி உற்சவத்துக்குள் எப்படி அடக்கினார்கள்? (இல்லத்தரசி, திருவானைக்காவல்)

ப: முதல் நாள் மாலை திருநெடுந்தாண்டகம். பிறகு பகல்பத்தும் இராப்பத்தும். பகல்பத்தில் முதலாயிரமும் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியும். இராப்பத்தில் திருவாய்மொழி: 1102 பாசுரம், பத்துப் பத்து, ராத்திரிக்கு ஒரு பத்து. பாசுரம் பாடும் அரையருக்கு நேரம் ஆகிவிட்டது என்று ஒரு பதிகத்தை நடுவில் நிறுத்தி, மிச்சத்தை நாளைக்குத் தள்ளுவதில்லை. நூலிலேயே இருக்கிற மூட்டு பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். நம் ஆபீஸ்களில் ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு பாகம்’ என்று காலண்டரைப் பார்த்து வெட்டுகிறோம். திங்கட்கிழமை வந்து எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே காபி நேரம் வந்துவிடுகிறது.

கே: எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் பெல் கம்பெனியின் துண்டு வேலை. முழு பாய்லரை நான் பார்த்ததே இல்லை. அலுப்பாக இருக்கிறது. (வெல்டர், துவாக்குடி)

ப: திருச்சியில் யாருமே பார்த்ததில்லை, ஐயா. பெரிய அனல்மின் நிலைய பாய்லர் இங்கிருந்து முழுசாகப் போவதே கிடையாது. ட்ரெய்லரும் ரயிலும் சுமக்கக்கூடிய அளவுக்குத்தான் துண்டு. ஒவ்வொன்றிலும் அடையாள எண். மின்நிலையத்தில் போய்த்தான் முதன்முதலாக ஒன்று சேர்கிறது. அங்கேயும் அது தரையில் உட்காருவதில்லை. உச்சியில் இருக்கும் இரும்பு உத்தரங்களிலிருந்து தொங்குகிறது, சூடேறினால் கீழ்நோக்கி நீள்வதற்காக.

நீங்கள் பற்றவைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்து அனுப்புகிறார்களே, ஏன்? ஒரு குழாய் கசிந்தால் அந்த யூனிட்டையே நிறுத்தவேண்டும். ‘எல்லாம் சேர்ந்தபிறகு பார்த்துக்கலாம்’ என்கிற பேச்சுக்கு அந்தத் தொழிலில் இடமில்லை. துண்டு துண்டாகச் செய்கிறவர்கள் துண்டு துண்டாகவே சோதிக்கவும் வேண்டும். வேலையைப் பிரிக்கத் தெரிந்த பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கே: தங்கை கல்யாண வேலையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. (உறையூர்)

ப: ‘எல்லாரும் கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா’ என்றுதானே சொன்னீர்கள்? அது பிரிப்பதல்ல, பிரார்த்தனை. ‘சித்தப்பா, முகூர்த்தத்தன்னிக்கு விடிகாலை நாலு மணிக்குக் காந்தி மார்க்கெட்டில் நீங்கள் இருக்கணும், 300 நுனி இலை, கிழிசல் இல்லாமல் எண்ணி வாங்கணும், அஞ்சரைக்குச் சமையல்காரர் கையில் இருக்கணும்.’ இப்படிச் சொல்லிப் பாருங்கள். சித்தப்பா மூன்றரைக்கே போய் நிற்பார், போனவர் இலைக்காரரோடு சண்டையும் போட்டுவிட்டு வருவார்.

கே: ஒரே மூச்சில் முடிக்காமல் தவணையில் செய்வது கௌரவக் குறைச்சலா? (மணச்சநல்லூர்)

ப: 2015-இல் ஸ்ரீரங்கம் கும்பாபிஷேகமே இரண்டு கட்டம்: செப்டம்பர் 9, நவம்பர் 18. ரங்கநாதருக்கு இல்லாத கௌரவமா?

கே: பிரிக்கவே கூடாத வேலை உண்டா? (விவசாயி, ஜீயபுரம்)

ப: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உண்டு. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை. அன்றைக்கு யாராவது பன்னிரண்டு கட்டத் திட்டம் போட்டிருந்தால் தண்ணீர் கேட்டுக்கொண்டு நின்றிருக்குமா? மணல் மூட்டையும் பாறாங்கல்லும் போட்டு முதலில் உடைப்பை அடைத்தார்கள். புதிய கதவணை பிறகு வந்தது. தீப்பிடித்த வீடு, பல்வலி, மாமியாரிடம் மன்னிப்பு: இவற்றுக்கும் தவணை கிடையாது.

கே: ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கத்துச் சிறுவயது நினைவுகளைப் புத்தகமாக எழுத ஆசை. எப்படித் தொடங்குவது? (ரயில்வே ஊழியர், பொன்மலை)

ப: அதே ஊரில் வளர்ந்த சுஜாதா ரிட்டயர்மென்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலை ஒரு பக்கம், வாராவாரம் தொடர்கதை ஒரு பக்கம். நீங்கள் ‘புத்தகம்’ என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். ஒரு வீதி, அதில் ஒரு வீடு, அதில் ஒரு ஆள். இரண்டு பக்கம் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி எனக்கு அனுப்புங்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும்.