செந்தூர்க் கரையில் சர்வீஸுக்குப் பிந்தைய சாஃப்ட்வேர்க் கோளாறுகள்: முதற்பகுதியின் முன்னுரைக்கு ஒரு முகவுரை

சங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எங்கே விளைகிறது, யார் மூழ்கி எடுக்கிறார்கள், எந்த ஊரில் அறுத்து வளையலாக்குகிறார்கள் என்று ஜேம்ஸ் ஹார்னல் 1914இல் ஒரு முழு நூலே எழுதிவிட்டார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிக்கும் அறிக்கைகள் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை 1876இல் ஜாகர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார், அண்மையிலும் தோண்டினார்கள். அதே வட்டாரத்தில், திருச்செந்தூரில், சர்வீஸ் கடைக்குப் போய் வீடு திரும்பிய மடிக்கணினிக்கு என்ன நேர்கிறது என்று ஆராய இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. இந்த ஆய்விடைவெளியை நிரப்புவதே எமது நோக்கம். இடைவெளி இல்லாத இடத்தில் ஒன்றைத் தோண்டி, பின் அதை நிரப்புவதற்கே முனைவர் பட்டம் என்ற கொள்கை பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருப்பதால், யாமும் துணிந்தோம்.

பாயிரம்

சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூலார் விதித்த உறுப்புகளைச் சுருங்கத் தருகிறோம். வழி: பேருந்து நிலையத்தில் இறங்கி, கருப்பட்டிக் கடை தாண்டி, மாடிப்படி. எல்லை: வடக்கே காயல்பட்டினம், தெற்கே மணப்பாடு, மேற்கே தேரி மணல், கிழக்கே கடல், கடலுக்கு அப்பால் வாரண்டி செல்லாது. யாப்பு: தொகுத்தல், விரித்தல், மறுபடியும் கடைக்குத் தூக்கிச் செல்லல். கேட்போர்: கரண்ட் போன நேரத்தில் வேறு வேலை இல்லாதோர். பயன்: இல்லை. காலம் பற்றிப் பெரும் சர்ச்சை இருப்பதால் அதைத் தனியே எடுத்துக்கொள்வோம்.

ஆய்வுப்பொருள் ஒரு கருப்பு மடிக்கணினி. மூடியில் வேல் ஸ்டிக்கர். உரிமையாளர் இக்கட்டுரையாளரின் மச்சினர், அம்மன் கோயில் கொடைக் கமிட்டியின் பொருளாளர். கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஈரத்தோடு வந்து உட்கார்ந்து, செம்பில் பச்சையும் இரும்பில் துருவும் ஏற்றிவிடும். இக்கருவியின் சார்ஜர் செருகும் வாயிலும் பச்சை பூத்து, சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. கடைத் தம்பி பின்மூடியைக் கழற்றி, ஸ்குரூக்களை ஒரு காந்தத் தட்டில் ஒட்டவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷை ஐபிஏ என்னும் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்தார். பச்சை போயிற்று, சார்ஜ் ஏறிற்று. அதோடு விட்டிருக்கலாம். "அப்படியே இந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கையும் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டுத் தாரேன் அண்ணாச்சி, பறக்கும்" என்றார். பறக்கத்தான் செய்தது. அன்று மாலை இந்த ஆய்வுத்துறை பிறந்தது.

திணைப் பாகுபாடு

தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை எனப் பகுத்தார். சர்வீஸ் கடை ஹார்டுவேர், சாஃப்ட்வேர் எனப் பகுக்கிறது. ஸ்குரூ டிரைவர் எட்டும் இடமெல்லாம் ஹார்டுவேர். எட்டாத இடமெல்லாம் சாஃப்ட்வேர். முன்னதற்கு பில் உண்டு. பின்னதற்கு ஆறுதல் உண்டு. இத்துறையின் மூல சூத்திரம் தம்பியின் வாய்மொழியாகவே கிடைக்கிறது: "நான் பாத்தது ஹார்டுவேரு அண்ணாச்சி. இப்ப வாரது சாஃப்ட்வேரு. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடயாது பாத்துக்கிடுங்க" (டீக்கடை பெஞ்சு, காலை அமர்வு). இதே கருவியைச் சாஃப்ட்வேர் மட்டும் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் சூத்திரம் அப்படியே தலைகீழாகும் என்பது பாடபேதம் (மேற்படி பெஞ்சு, மாலை அமர்வு, வடை தீர்ந்த பின்).

கோளாறுகளை வகைப்படுத்துவோம்.

சத்தம் வராமை: டிரைவர் போடவில்லை.

திரையின் வலது கீழ்மூலையில் விண்டோஸைச் செயல்படுத்தச் சொல்லி மங்கலான எழுத்து நிற்றல்: பார்த்துப் பழகிவிடும்.

வைஃபை வராமை தர்க்க நூலாருக்கு உரியது. வைஃபை வர டிரைவர் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். அன்னியோன்னியாசிரயம் என்று வடமொழித் தர்க்கம் இதைத்தான் சொல்கிறது. மச்சினரின் மகள், ஒன்பதாம் வகுப்பு, போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங்கை ஆன் செய்து ஐந்து நிமிடத்தில் டிரைவரை இறக்கிவிட்டாள். தர்க்கம் பயிலாததால் அவளுக்கு இது எளிதாக இருந்திருக்கலாம்.

பாஸ் மறைதல்: 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. கடைக்குப் போய்த் திரும்பிய கருவி எதிலும் அதைக் கண்டதாக பெஞ்சு மரபில் செய்தி இல்லை.

காலம்

கருவியைத் திறந்ததும் மூலையில் 2016, ஜனவரி 1 என்று காட்டியது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் அலறியது. தாய்ப்பலகையில் நாணய அளவில் ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்தாலோ, கழற்றிய இடத்தில் சரியாக உட்காராவிட்டாலோ, கருவி தன் ஆதி தேதிக்குப் போய்விடும். இன்றைய தளங்கள் காட்டும் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்கு இன்னும் பிறந்திருக்கா. எனவே பிரவுசர் அவற்றைப் போலி என்கிறது. தன் கணக்கில் அது சரியாகத்தான் பேசுகிறது.

இவ்விடத்தில் ஆய்வுலகம் இரண்டாகப் பிளக்கிறது. கருவிக்குள் கிடைத்த அகச்சான்றின்படி இது 2016 என்பது ஒரு பள்ளி. சுவரில் தொங்கும் நாட்காட்டி பிற்கால இடைச்செருகல் என்பார்கள். கருவி இன்னும் தொன்மையானது, 2016 என்பது அயலார் சதி, உண்மையில் இது கடல்கோளுக்கு முந்தையது என்பது மறுபள்ளி. இவர்களுக்கு மேடையும் மைக்கும் அதிகம். இரு பள்ளியும் பேட்டரியைப் பார்க்க மறுக்கின்றன. மச்சினர் மட்டும் 2016 ஜனவரியை மனமார ஆதரித்தார். பணமதிப்பிழப்பு அந்த ஆண்டு நவம்பர் 8இல்தான் வந்தது. எனவே பீரோவில் மறந்துபோன ஓர் ஆயிரம் ரூபாய்த் தாள் இந்தக் கருவியின் காலத்தில் செல்லும், அதைக் கொண்டே சர்வீஸ் பில்லை அடைக்கலாம் என்பது அவர் வாதம். கடைக்காரர் இக்காலக்கணிப்பை ஏற்கவில்லை (சர்வீஸ் பில் புத்தகம், கார்பன் காப்பி, பின்பக்கம், கையொப்ப இடத்தில் சாம்பார்க் கறை).

அவத்தை விளக்கம்

டச் பேடு திடீர் திடீரென்று மரத்துப்போயிற்று. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணாச்சி" என்றார் தம்பி. மச்சினர் ஷட் டவுன் செய்து திறந்தார், சரியாகவில்லை. மகள் ரீஸ்டார்ட் கொடுத்தாள், சரியாயிற்று. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்போர் சித்தாந்தம் அறியாதோர். 2012இல் வந்த விண்டோஸ் 8 தொட்டு, சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு தந்திரம் சேர்ந்தது. ஷட் டவுன் கொடுத்தால் நம் வேலைகள் மட்டும் மூடப்படும். உள்ளே இருக்கும் கருப்பகுதி தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். மறுபடி திறக்கும்போது பழைய பிசகோடேயே எழுந்து வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் கழன்று புதிதாகத் தொடங்கும்.

சைவ சித்தாந்தம் உயிருக்குச் சொல்லும் மூன்று அவத்தைகளில் இது கச்சிதமாகப் பொருந்துவதைக் காண்க. கருவி ஓடிக்கொண்டிருப்பது சகலம். ஷட் டவுன் செய்தபின், செயலற்று, இருளில், ஆனால் மலம் நீங்காமல் கிடப்பது கேவலம். ரீஸ்டார்ட் ஒன்றே சுத்தம். இப்பொருத்தத்தைக் கேட்ட ஒருவர், அப்படியானால் மெய்கண்டார் விண்டோஸை முன்பே அறிந்திருந்தார் என்று ஒரு கட்டுரை எழுதக் கிளம்பிவிட்டார் (மேற்படி பெஞ்சு, மறுநாள், மழைக்கு ஒதுங்கியோர் கூற்று, இதற்குத் தலையாட்டியவருள் ஒருவர் காதில் ஹெட்போன் இருந்தமையால் அவர் இசைவு ஐயத்துக்குரியது). அவரைத் தடுக்க முடியவில்லை. கருத்தரங்கில் வாசிக்க இடம் கிடைத்துவிட்டதாம்.

செந்தூர் எழுத்துச் சிக்கல்

இனி இவ்வாய்வின் உயிர்நாடி. கொடை நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். வரிக்காரர் பட்டியல், வில்லிசை நேரம், சாமக்கொடை, போன வருடத்து வரவு செலவு எல்லாம் டி டிரைவில் ஒரே கோப்பில் இருந்தன. டி டிரைவைத் தம்பி பத்திரமாகப் புது டிஸ்க்குக்கு மாற்றியும் தந்திருந்தார். மச்சினர் கோப்பைத் திறந்தார். தமிழ் ஒரு எழுத்துக்கூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், பெரிதும் சிறிதும் கலந்து. சொல்லுக்கு ஒன்றிரண்டாக அரைப்புள்ளிகள்.

தலைப்பில் ஐந்தெழுத்து: எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அரைப்புள்ளியை எழுத்தாகக் கொள்ளலாமா என்பதில் எமக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அடுத்த வரி: கே, யூ, எஃப், டி, ஓர் அரைப்புள்ளி. இது கொற்கைத் துறைமுகத்தில் இயங்கிய ஒரு வணிகக் குழுவின் சுருக்கப்பெயர் என்பது முதற்கோள். கடல்வழி வந்த அன்னியர் விட்டுச் சென்ற சங்கேதம் என்பது இரண்டாவது. டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் கோயிலில் புகுந்து தங்கிய வரலாறு உண்டல்லவா. இது மொழியே அன்று, வெறும் குறியீடு என்பது மூன்றாவது. சிந்துவெளி முத்திரைகளைப் பற்றி 2004இல் மூன்று அறிஞர்கள் அப்படிச் சொன்னதால், எதைப் பற்றியும் அப்படிச் சொல்லும் துணிவு இப்போது எல்லோருக்கும் வந்திருக்கிறது. அரைப்புள்ளிகளின் அடர்த்தியை எண்ணி, இது மூச்சு வாங்கிப் பாடும் இனத்தாரின் பாடல், ஆகவே முத்துக்குளித்தோர் பாடல் என்று நிறுவியது நான்காவது. எம்மை மிகவும் கவர்ந்தது இதுதான். (பார்க்க: கோப்பின் பக்கம் 3, கீழிருந்து ஏழாம் வரி, அச்சுப்படி எடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை, கரண்ட் வந்தபோது கடைக்காரர் மொய் எழுதப் போயிருந்தார், மொய் எழுதிய வீட்டுப் பந்தலில் கேட்டறிந்த வாய்மொழிப் பாடம் இதனோடு முரண்படுகிறது, முரண்பட்டவர் மாப்பிள்ளை வீட்டார் என்பதையும் கருதுக.)

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். செந்தூர் எழுத்தைப் படித்துத் தர, கடைத் தம்பி கேட்டது முந்நூறு ரூபாய். "டேட்டா ரெக்கவரி அண்ணாச்சி, மெனக்கெடணும்லா." இத்தொகை எமது புலமைக்கு இழுக்கு என்று கருதி மறுத்துவிட்டோம்.

ஆனால் டிடிபி கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் பெண், கோப்பைத் திரையில் ஒரு முறை பார்த்தாள். "பாமினி மாமா" என்றாள். ஒரு பென் டிரைவைச் செருகி, எழுத்துருக் கோப்பை வலது கிளிக் செய்து, இன்ஸ்டால் கொடுத்தாள். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்பது 'அம்மா' ஆயிற்று. கே, யூ, எஃப், டி, அரைப்புள்ளி என்பது 'முருகன்'. செந்தில் ஆண்டவன் கோபுரம் தெரியும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் முருகனைப் படிக்க முடியாமல் கிடந்திருக்கிறோம்.

காரணம் சிறியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை உட்கார்த்தி வைப்பவை. கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கொடுத்த இருக்கை அரைப்புள்ளி. கோப்பு டி டிரைவில் பிழைத்தது. அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்ட எழுத்துரு சி டிரைவில் விண்டோஸோடு போய்விட்டது. இந்தக் குழப்பம் தீரத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடித் தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் குறியாக்கங்களையும் பரிந்துரைத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. நோட்டீஸ் அடிக்கும் தொழிலில் பாமினி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பழைய கோப்புகள் அதில் இருக்கின்றன, விரல் அதற்குப் பழகியிருக்கிறது, அவசரம் என்றைக்கும் நாளைக் காலை அச்சுக்கு என்பதாகத்தான் இருக்கிறது.

அப்பெண்ணின் தீர்வை யாம் ஏற்கவில்லை. அவள் முன்னோர் கருத்துகளை மறுக்கவில்லை; மேற்கோள் ஒன்றும் காட்டவில்லை; கருதுகோள் இல்லாமலேயே முடிவுக்கு வந்துவிட்டாள்; பதிப்புக்குழுவின் மதிப்பீட்டுக்கும் அனுப்பவில்லை. முத்துக்குளித்தோர் பாடல் என்ற நான்காம் கோளை ஒட்டி எழுதப்பட்ட அறுபது பக்கங்கள் ஏற்கெனவே ஸ்பைரல் பைண்டிங் ஆகிவிட்டன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். படித்துக்காட்டிய பிரதியிலும் சிக்கல் இருக்கிறது: போன வருடத்து வரவு செலவில் ஒரு தொகை உதைக்கிறது. எழுத்து புரியாமல் இருந்தவரை கமிட்டியில் அமைதி நிலவியது என்பதைப் பொருளாளரே ஒப்புக்கொள்கிறார்.

எஞ்சியது பிரிண்டர். புது டிஸ்க் போட்ட நாள் முதல் மடிக்கணினி அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் டிரைவரும் பழைய டிஸ்க்கோடு போயிருக்க வேண்டும். இதில் சாஃப்ட்வேர் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனோம். தம்பி வயரை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரிண்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது ஹார்டுவேரு அண்ணாச்சி" என்றார்.