வீடு வாங்கலாமா, வட்டி வாங்கலாமா?

கே: அப்பாவின் ஈபிஎப் காசும் அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பியதும் சேர்த்து பதுளை டவுனில் வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறோம். சரிதானே?
– ஒரு மகள், ஸ்பிரிங்வெளி

ப: அப்பாவிடம் கேட்டீர்களா, தங்கச்சி? 60 இலட்சத்துக்கு வீடு, மாதம் 30,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம், 6 சதவீதம். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 5 சதவீதம். கூரை ஒழுகினால் அதுவும் போச்சு. முதலில் வங்கியில் நிரந்தர வைப்புக்கு என்ன வட்டி என்று கேளுங்கள். வைப்புக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. வீட்டின் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அப்பாவின் மருந்துச் செலவுக்காகச் சுவரில் இரண்டு கல்லைப் பிடுங்கி விற்க முடியாதே!

கே: ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு போர்டிங் போட்டால்?

ப: கட்டில் கணக்கில் வாடகை வாங்கலாம், குடும்பத்துக்கு விடுவதைவிடக் கூட வரும். ஆனால் 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களை மூடியபோது போர்டிங்காரர்களுக்கு மிஞ்சியது கட்டில் மட்டும்தான். இன்னொன்று: பதுளைக் குளிருக்கு அறைக்கு ஒரு கேத்தல் கொதிக்கும். கரண்டுக்குத் தனி மீட்டர் வையுங்கள்.

கே: எங்கள் லயத்துக் காம்பரா ஒன்று சும்மா கிடக்கிறது. வாடகைக்கு விடலாமா?

ப: யாருடைய காம்பரா? காணி அரசாங்கத்தினுடையது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. நூறு வருடத்துக்கு மேல் குடியிருந்தவர்கள் கையில் உறுதி இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் உறுதி இல்லாமல் அட்வான்ஸ் வாங்கினால், நாளைக்கு வாடகைக்காரரும் நீங்களும் ஒன்றாகத்தான் துரையின் ஒபீஸ் வாசலில் நிற்க வேண்டி வரும்.

கே: எல்லப் பக்கம் மலைச்சரிவில் காணி மலிவாக வருகிறது. வெள்ளைக்காரர்களுக்கு ஹோம்ஸ்டே கட்டலாமே?

ப: ஏன் மலிவு என்று கேட்டீர்களா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். ஆகவே புரோக்கருக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைப் போய்ப் பாருங்கள். அவர்கள் கூடாது என்றால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கே: வாடகைக்கு வருபவர் தங்கமான மனுசர். ஒப்பந்தம் கேட்டால் கோபிப்பாரே?

ப: தங்கம் என்றால் உரசிப் பார்க்கக் கோபிக்காது.

கே: வாடகைக்கு வரப்போவது எங்கள் மாமா என்றால்?

ப: வாடகை வராது. தீபாவளிக்கு மாமாவும் வரமாட்டார்.