எண்ணெய்க்கு மதமில்லை

எண்ணூர்ப் பக்கத்தைப் பிரித்துச் சேர்ப்பதில் அரசுக்கு அலுப்பே கிடையாது. 2011இல் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2018இல் மாவட்டமே மாறியது: திருவள்ளூர் போய்ச் சென்னை வந்தது. எண்ணூர் மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்து வலைகளுக்கு இதெல்லாம் தெரியாது. முகத்துவாரத்தில் மீன் பட்டால் போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. அந்தோணியார் படம் போட்ட படகா, அம்மன் பெயர் எழுதிய படகா என்று விசாரிக்கவில்லை. இரண்டையும் தார் பூசியதுபோல் ஒரே கறுப்பாக்கியது, கூழைக்கடாவையும் விடவில்லை. 1976இல் அரசியலமைப்பின் முகப்புரையில் ஏறிய மதச்சார்பின்மையை இவ்வளவு கறாராக எந்தக் கட்சி கடைப்பிடித்தது?

பிரிவினை அரசு நிவாரணத்தில்தான் வந்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், மற்ற குடும்பத்துக்கு 7,500, படகுக்கு 10,000. கூழைக்கடாவுக்கு ரேஷன் கார்டு இல்லை.